நெதர்லாந்தில் ஐந்து நாள் வசந்தம்: துலிப் வயல், சைக்கிள் பாதை, பழைய நகரங்கள் குறித்து முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நெதர்லாந்தின் துலிப் வயல்களைப் பார்க்க நானும் என் அக்காவும் இரண்டு முறை சென்றோம். முதல் முறை விசா தாமதமாகக் கைக்கு வந்ததால், மே மாதம் நான்காம் தேதிதான் லிஸ்ஸ என்னும் ஊரின் எல்லையில் சைக்கிளை நிறுத்த முடிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலையில்லாத பச்சைத் தண்டுகள் வரிசை வரிசையாக நின்றன. வாய்க்கால் கரையில், அறுத்துக் கொட்டிய சிவப்பும் மஞ்சளுமான பூக்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, வெயிலில் வாடி, லேசான புளித்த வாடையை வீசிக்கொண்டிருந்தன. அத்தனை பணத்தையும் விடுப்பையும் செலவழித்துப் பூக்குவியலைத்தான் பார்த்துவிட்டு வந்தோம்.

மறு ஆண்டு அதே பயணத்தை ஏப்ரல் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிட்டோம். எல்லாம் சரியாக அமைந்தது. பூவுக்கு ஒரு நாள்காட்டி உண்டு, விசாவுக்கு வேறொரு நாள்காட்டி உண்டு. இரண்டும் பொருந்துமாறு செய்வதுதான் இந்தப் பயணத்தின் முக்கால்வாசி வேலை. ஆகவே கீழே உள்ள படிகளை, எதை எப்போது செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன்.

1. முதலில் வாரத்தை முடிவு செய்யுங்கள்

மார்ச் மாதத்தில் குரோக்கஸ் பூக்கள் வரும். மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் நடு வரை டாஃபடிலும், மணம் மிகுந்த ஹயசிந்தும் பூக்கும். துலிப் வயல்கள் நிறம் கட்டி நிற்பது பெரும்பாலான ஆண்டுகளில் ஏப்ரல் நடுவிலிருந்து அம்மாதத்தின் கடைசி வாரம் வரைதான். குளிர் நீடித்தால் எல்லாம் ஒரு வாரம், சில ஆண்டுகளில் இரண்டு வாரம்கூடத் தள்ளிப்போகும். வெப்பம் முந்தினால் முந்தும்.

இங்கே புதியவர்கள் பலரும் குழம்பும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கியூகென்ஹாஃப் என்பது 32 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு தோட்டம். அங்கே நுழைவுச் சீட்டு உண்டு. படங்களில் நாம் பார்க்கும், பாய் விரித்தாற்போன்ற வண்ணப் பட்டைகள் அந்தத் தோட்டத்துக்கு வெளியே உள்ள விவசாயிகளின் வயல்கள். அவற்றைச் சாலையில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. தோட்டத்தில் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். முந்திப் பூப்பது, பிந்திப் பூப்பது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவதால், திறந்திருக்கும் எட்டு வாரமும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். வயலுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. விவசாயிக்கு வேண்டியது பூ அல்ல, மண்ணுக்கடியில் உள்ள கிழங்கு. சத்து விதைக்குப் போகாமல் கிழங்குக்கு இறங்க வேண்டும் என்பதற்காக, பூ மலர்ந்து நோய் ஏதுமில்லை என்று பார்த்தவுடனே எந்திரத்தால் தலையை வெட்டிவிடுவார்கள். முதல் முறை நாங்கள் பார்த்தது இதைத்தான்.

2026-இல் தோட்டம் திறந்திருப்பதாகக் குறிக்கப்பட்ட நாள்கள் மார்ச் 19 முதல் மே 10 வரை. "மே பத்து வரை திறந்திருக்கிறதே" என்று நினைத்து மே முதல் வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். வயலையும் தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால், ஏப்ரல் 14-க்கும் 25-க்கும் இடைப்பட்ட ஐந்து நாள்களைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

இதையொட்டித் தவிர்க்க வேண்டிய நாள்களும் உண்டு. ஏப்ரல் 27 அரசர் தினம். அது ஞாயிறாக அமைந்தால் 26-ஆம் தேதி கொண்டாடுவார்கள். அன்று ரயிலில் நிற்க இடம் இருக்காது, அறை வாடகை ஏறியிருக்கும், சைக்கிளை ரயிலில் ஏற்றவும் விடமாட்டார்கள். ஈஸ்டர் விடுமுறையிலும் நெரிசல் கடுமை. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நோர்ட்வைக் கடற்கரையிலிருந்து ஹார்லெம் வரை 40 கிலோமீட்டருக்கும் மேல் மலர் ஊர்வலம் செல்லும். அது காணத் தகுந்தது. ஆனால் அன்று வழியிலுள்ள சாலைகள் அடைபட்டுப் பேருந்துகள் தாமதமாகும் என்பதைத் தெரிந்துகொண்டு, ஊர்வலத்துக்கென்றே அந்த நாளை ஒதுக்குங்கள். வேறு எதையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

2. விசாவுக்கான நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தேவைப்படுவது ஷெங்கன் குறுகிய கால விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவெடுக்க விதிப்படி 15 நாள். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டலாம். இந்த 15 நாள் என்ற எண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் முதல் முறை ஏமாந்தோம். அந்தக் கணக்கு ஆவணங்களை நேரில் கொடுத்த பிறகே தொடங்குகிறது. நேரில் கொடுப்பதற்கான முன்பதிவு நாளே கிடைக்காமல் போகலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிப்ரவரி இறுதியில் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தபோது, மார்ச் முழுவதும் நிரம்பியிருந்தது. கோடை விடுமுறைக்கு ஐரோப்பா செல்லும் குடும்பங்கள் எல்லாம் அதே வாரங்களில்தான் வரிசையில் நிற்கின்றன.

இரண்டாம் முறை நவம்பரில் முன்பதிவு செய்து, டிசம்பர் இரண்டாம் வாரம் ஆவணங்களைக் கொடுத்தோம். ஜனவரி தொடக்கத்தில் கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. நீங்கள் எவ்வளவு பிந்தினாலும் ஜனவரி நடுவைத் தாண்டாதீர்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் செல்வதாயிருந்தால், அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஐந்து நாளில் பக்கத்து நாட்டையும் எட்டிப் பார்க்கலாம் என்று திட்டத்தில் சேர்த்துவிட்டு, இந்த விதியால் விண்ணப்பம் திரும்பி வந்து நொந்தவர்களை எனக்குத் தெரியும். குறுகிய பயணத்துக்கு ஒரே நாடு போதும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. இதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் சேரும். மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. மையத்தில் குறுஞ்செய்திச் சேவை, தனி ஓய்வறை, நகலெடுத்தல் என்று கூடுதல் சேவைகளைக் கேட்பார்கள். அவை எதுவும் கட்டாயம் அல்ல, எதுவும் விசா முடிவை மாற்றாது.

3. ஆவணங்கள்: ஒன்றுக்கொன்று பேச வேண்டும்

கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும்; ஷெங்கன் பகுதியிலிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்; இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர், வெளிர்நிறப் பின்புலம், அண்மையில் எடுத்தது. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மதிப்பில், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், போகும் நாளிலிருந்து திரும்பும் நாள் வரை இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். கடந்த 59 மாதங்களுக்குள் ஷெங்கன் விசாவுக்காகக் கைரேகை கொடுத்திருந்தால், பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்வார்கள்.

இவற்றுடன் விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்குமான தங்குமிட முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டுகள், அலுவலகத்தின் விடுப்பு அனுமதிக் கடிதம், வருமான வரிக் கணக்கின் நகல் ஆகியவற்றைக் கொடுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் தொழில் பதிவுச் சான்றையும் நிறுவனத்தின் வங்கி அறிக்கையையும் சேர்க்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் சென்றால் பிறப்புச் சான்றும், உடன் வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் தேவை.

பட்டியலை நிரப்புவது எளிது. ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். விடுப்புக் கடிதத்தில் 15 முதல் 20 வரை என்றும், விமானத்தில் 14 முதல் 21 வரை என்றும் இருந்தால் கேள்வி எழும். பின்னிரவு விமானம் பிடித்து மறுநாள் காலையில் இறங்குபவர்கள், புறப்படும் தேதியையும் இறங்கும் தேதியையும் குழப்பிக் காப்பீட்டில் ஒரு நாளை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, ஒரு பென்சிலால் ஒவ்வொன்றிலும் உள்ள தேதியை வட்டமிட்டுப் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்தபோதுதான் என் பெயரின் முதலெழுத்து வங்கி அறிக்கையில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் விரிந்த பெயராகவும் இருப்பது தெரிந்தது. நம் தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. தந்தையின் பெயரே குடும்பப் பெயராகக் கடவுச்சீட்டில் பதிவாகியுள்ளது என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு கணக்கில் பெருந்தொகையைப் போட்டு இருப்பைக் காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். அறிக்கையைப் பார்ப்பவர்கள் கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை. அண்மையில் நிலம் விற்றது, வைப்பு முதிர்ந்தது போன்ற உண்மையான காரணம் இருந்தால் அதற்கான தாளையும் உடன் வையுங்கள்.

விசா வருவதற்கு முன் விமானத்துக்கு முழுப் பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, முன்பதிவே போதும். தங்குமிடத்தையும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

4. எங்கே தங்குவது

என் உறுதியான பரிந்துரை லெய்டன். சோழர் காலத்து லெய்டன் செப்பேடுகளால் நம்மில் பலருக்குப் பெயரளவில் பழக்கமான அதே ஊர்தான். ஸ்கிப்ஹோல் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ 20 நிமிடம். பழைய நகரங்களான ஹார்லெமும் டெல்ஃப்டும் இங்கிருந்து ஏறக்குறைய அதே தூரம். மலர் வயல்கள் ஊருக்கு வெளியே சைக்கிள் தூரத்தில் தொடங்குகின்றன. ஆம்ஸ்டர்டாமில் தங்கினால் இவை எல்லாவற்றுக்கும் தினமும் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

செலவிலும் வேறுபாடு பெரிது. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையில் 12.5 விழுக்காடு சுற்றுலா வரி விதிக்கிறார்கள். அதைத் தவிர, 2026 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் தங்குமிடங்களுக்கான மதிப்புக்கூட்டு வரி 9 விழுக்காட்டிலிருந்து 21 ஆக உயர்ந்துள்ளது. முன்பதிவுத் தளத்தில் முதலில் காட்டும் தொகையில் இந்த வரிகள் அடங்கியுள்ளனவா என்று கடைசிப் பக்கம் வரை சென்று பாருங்கள்.

பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கும் இடங்களில் படிக்கட்டு ஏணி போலச் செங்குத்தாக இருக்கும், மின்தூக்கி இருக்காது. பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

5. தோட்டத்துக்கான சீட்டு

கியூகென்ஹாஃப் சீட்டு நாளும் நேரமும் குறித்து இணையத்தில் விற்கப்படுகிறது. பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 20 யூரோ. ஏப்ரல் நடு வாரங்களின் வசதியான நேரங்கள் முன்னதாகவே தீர்ந்துவிடும். விசா கைக்கு வந்த அன்றே வாங்கிவிடுங்கள். லெய்டன் மத்திய ரயில் நிலையத்திலிருந்து 854 எண் பேருந்தும், ஸ்கிப்ஹோலிலிருந்து 858 எண் பேருந்தும் நேராகத் தோட்ட வாசலுக்கே செல்கின்றன. பேருந்தும் நுழைவும் சேர்ந்த சீட்டும் உண்டு.

காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். பத்தரை மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து, பாதையில் நின்று ஒரு படம் எடுக்க முடியாத நிலை வந்துவிடும். காலையில் இயலாவிட்டால் மாலை 4 மணிக்குப் பிறகு செல்லுங்கள். ஏப்ரல் நடுவில் இரவு எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், தோட்டம் ஏழரை வரை திறந்திருக்கும். வார இறுதியைத் தவிருங்கள். தோட்டத்துக்குள் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை; வாசலில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

6. வங்கி அட்டையும் ரயிலும்

ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும், தொட்டுப் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையை ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் கருவியில் காட்டினால் போதும். தனியாகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொட்டுச் செலுத்தும் வசதியும் தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் இரண்டையும் தனித்தனியே இயக்கிவிடுங்கள். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தொட்டு இருவர் பயணம் செய்ய முடியாது.

நான் செய்த பிழையையும் சொல்கிறேன். ஏறும்போது கைப்பேசியில் பதிந்திருந்த அட்டையைக் காட்டினேன். இறங்கும்போது கைப்பேசி பைக்குள் இருந்ததால் அதே வங்கியின் பிளாஸ்டிக் அட்டையைக் காட்டினேன். இரண்டும் ஒரே கணக்கு என்றாலும் கருவிக்கு அவை இரண்டு வெவ்வேறு அட்டைகள். ஆகவே ஒன்றில் இறங்காத பயணமாகவும், மற்றொன்றில் புதிதாக ஏறிய பயணமாகவும் பதிந்து, இருமடங்குக்கும் மேல் பிடித்துவிட்டது. எதைக் காட்டி ஏறினீர்களோ அதையே காட்டி இறங்குங்கள். ரயிலை மாற்றும்போது ஒரே நிறுவனத்தின் ரயில் என்றால் இடையில் தொட வேண்டியதில்லை.

கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அட்டை மட்டுமே ஏற்கும் கடைகள் அங்கே நிறைய உண்டு.

7. சைக்கிளை வாடகைக்கு எடுத்தல்

ரயில் நிலையங்களில் நீலமும் மஞ்சளுமாக வரிசையில் நிற்கும் பொதுச் சைக்கிள்களைப் பார்த்து, "இதையே எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பீர்கள். வாடகையும் மிகக் குறைவு. ஆனால் அவை உள்நாட்டுப் பயண அட்டையில் பெயர் பதிவு செய்தவர்களுக்கு உரியவை; சில நாள் தங்கும் நமக்குக் கிடைக்காது. அருகிலுள்ள தனியார் வாடகைக் கடைக்குத்தான் செல்ல வேண்டும். சாதாரண சைக்கிள் நாளொன்றுக்கு 10 முதல் 15 யூரோ, மின்சார சைக்கிள் 25 முதல் 35 யூரோ வரை ஆகும். வைப்புத்தொகையை அட்டையில் பிடித்து வைப்பார்கள். கடவுச்சீட்டையே அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்திருந்து அதைக் கொடுங்கள்.

அங்கே மக்கள் உயரமானவர்கள், சைக்கிளும் அப்படியே. இருக்கையைக் கடைசி வரை இறக்கியும் எங்கள் அக்காவுக்குக் கால் தரையில் எட்டவில்லை. சிறிய சட்டகம் (ஃபிரேம்) உள்ளது வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். மலிவான சைக்கிள்களில் கைப் பிரேக் இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். ஓடும்போது பழக்கத்தில் பெடலைப் பின்னே சுழற்றினால் திடுமென நின்றுவிடும் என்பதால், கடை வாசலில் பத்து நிமிடம் ஓட்டிப் பழகிவிட்டுப் புறப்படுங்கள். பழக விருப்பமில்லையென்றால் கைப் பிரேக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று யூரோ கூடும்.

பின் சக்கரத்தில் பொருத்திய வளையப் பூட்டு, அதற்குமேல் ஒரு சங்கிலிப் பூட்டு, இரண்டையும் போடுங்கள். சங்கிலியை நிலையான கம்பியோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். திருட்டுக் காப்பீடு சில யூரோதான். ஆனால் வண்டி போய்விட்டால் சாவியைக் கொண்டுவந்து காட்டினால்தான் அது செல்லும்.

8. சாலையில் ஓட்டும் முறை

வண்டிகள் வலப்பக்கம் செல்லும் நாடு அது. முதல் அரை நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் நம் கை தானாகவே இடப்பக்கம் இழுக்கும். முன்னால் செல்பவரைப் பார்த்துப் பின்தொடர்வது நல்லது. வட்டமான நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் வரைந்திருந்தால் அது சைக்கிள் பாதை. அதில்தான் ஓட்ட வேண்டும். பெரும்பாலும் செம்மண் நிறத்தில் தார் போட்டிருப்பார்கள். அதில் நடக்கவோ, நின்று படம் எடுக்கவோ கூடாது.

குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக வரைந்து, அவற்றின் முனை உங்களை நோக்கி இருந்தால், நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். திரும்பும் முன் கையை நீட்டிக் காட்டுங்கள். இருட்டியபின் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் கட்டாயம். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடிப்பது 2019 ஜூலை முதல் குற்றம். தண்டம் 100 யூரோவுக்கு மேல்.

கைப்பேசியைப் பிடிக்காமல் வழி கண்டுபிடிக்க அருமையான ஏற்பாடு ஒன்று உண்டு. சைக்கிள் பாதைகள் சேரும் இடங்களுக்கு எண் கொடுத்து, அடுத்த எண் எந்தப் பக்கம் என்று சிறு பலகைகளில் அம்புக்குறியுடன் காட்டியிருப்பார்கள். முதல் நாள் இரவே வரைபடத்தைப் பார்த்து, செல்ல வேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அந்தத் தாளைக் கைப்பிடியில் ரப்பர் வளையத்தால் கட்டிக்கொண்டோம். நாள் முழுவதும் ஒருவரையும் வழி கேட்கவில்லை.

9. எங்களுக்குப் பொருந்திய வழி

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து, கடலிலிருந்து அடிக்கும். மேடு அதிகம் இல்லாத அந்தப் பகுதியில் எதிர்காற்றுதான் மேடு. லெய்டனிலிருந்து வடகிழக்காக வயல்களுக்குப் போகும்போது இறக்கை முளைத்தாற்போல இருக்கும். மாலையில் திரும்பும்போது முழங்கால் நோகும். ஆகவே போன வழியே திரும்பாமல், லெய்டன், வோர்ஹவுட், நோர்ட்வைகர்ஹவுட், லிஸ்ஸ, ஹில்லெகோம் என்று வயல்களின் ஊடே சென்று ஹார்லெமில் முடித்து, சைக்கிளோடு ரயிலில் திரும்புங்கள். சுற்றி வளைத்துப் போனாலும் 40 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். நிதானமாகச் சென்றால் ஒரு முழு நாள். காற்று வேறு திசையில் இருக்கும் நாளில் இதையே ஹார்லெமிலிருந்து தலைகீழாக ஓட்டலாம்.

ரயிலில் சைக்கிளை ஏற்றத் தனிச் சீட்டு உண்டு; எவ்வளவு தூரமானாலும் நாளொன்றுக்கு ஒரே கட்டணம், 10 யூரோவுக்குள். ஆனால் வார நாள்களில் காலை 6:30 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6:30 வரையும் ஏற்ற முடியாது. சனி, ஞாயிறில் அந்தத் தடை இல்லை.

வழியில் எந்த வயலுக்குள்ளும் இறங்காதீர்கள். வேலி இல்லை என்பதால் அனுமதி என்று பொருள் அல்ல. காலணி மண்ணோடு நோய்க்கிருமி ஒரு வயலிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்; மிதிபட்ட கிழங்கு அழுகும். வரப்பிலிருந்து குனிந்து எடுத்தாலே படம் நன்றாக வரும். ஹயசிந்த் வயல் ஒன்று காற்றுமுகத்தில் இருந்தால், கண்ணில் படுவதற்கு முன்பே மணம் வந்து சொல்லிவிடும்; அங்கே பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

ஏப்ரலில் பகல் வெப்பம் 10 முதல் 15 டிகிரி, காலையில் 5 டிகிரி அளவில் இருக்கும். காற்றுப் புகாத மேற்சட்டையும் மெல்லிய கையுறையும் இல்லாமல் காலையில் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. குடை அந்தக் காற்றில் பயன்படாது. மழை அங்கி எடுத்துச் செல்லுங்கள்.

10. பழைய நகரங்களை எந்தக் கிழமையில் பார்ப்பது

முதல் பயணத்தில் ஞாயிறன்று டெல்ஃப்டுக்குச் சென்று இரண்டு பெரிய தேவாலயங்களின் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு, திங்களன்று ஹார்லெமுக்குச் சென்று மூடிய அருங்காட்சியகங்களைப் பார்த்தோம். ஞாயிறன்று பழைய தேவாலயங்களில் வழிபாடு மட்டுமே. பார்வையாளருக்கு அனுமதி இல்லை. டெல்ஃப்டின் பழைய தேவாலயம், புதிய தேவாலயம், ஹார்லெமின் புனித பாவோ தேவாலயம் மூன்றும் அப்படித்தான். திங்களன்று ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகமும் டெய்லர்ஸ் அருங்காட்சியகமும் விடுமுறை. பல கடைகளும் நண்பகலுக்குப் பிறகே திறக்கும்.

ஆகவே எங்கள் இரண்டாம் பயணம் இப்படி அமைந்தது. புதன் காலை இறங்கி, அன்று லெய்டனின் கால்வாய்க் கரைச் சந்தையையும், மேட்டின்மேல் இருக்கும் பழைய கோட்டையையும், 1590-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தையும் நடந்தே பார்த்தோம். வியாழன் காலை 8 மணிக்குக் கியூகென்ஹாஃப். வெள்ளி டெல்ஃப்ட், இரண்டு தேவாலயங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு, ஓவியர் வெர்மீர் அடக்கமானது பழைய தேவாலயத்தில். சனி ஹார்லெம், பெரிய சதுக்கத்தில் அன்று சந்தை கூடும். தேவாலயங்களும் அருங்காட்சியகங்களும் தேவைப்படாத ஞாயிறு முழுவதும் சைக்கிளுக்கு. திங்கள் திரும்பினோம். மழை வந்தால் சனியையும் ஞாயிறையும் மாற்றிக்கொள்ள இடம் வைத்திருந்தோம். ஆனால் ஹார்லெமின் தேவாலயத்தை இழக்க நேரிடும் என்பதையும் தெரிந்தே வைத்திருந்தோம்.

லெய்டனிலும் ஹார்லெமிலும் தெருக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முற்ற வீடுகளைத் தவறவிடாதீர்கள். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், சிறு தோட்டத்தைச் சுற்றி முதியோருக்காகக் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும். இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். பகலில் மட்டும் செல்லுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், சன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

11. எங்களுக்கு ஆன செலவு

ஐந்து இரவுக்கு, இருவர் ஓர் அறையில் தங்கிய கணக்கில், ஒருவருக்கு ஆனதைத் தருகிறேன். சென்னையிலிருந்து ஓரிடத்தில் மாறிச் செல்லும் விமானம் போகவர 60,000 ரூபாய்க்குச் சற்று மேல். விசா, சேவைக் கட்டணம், காப்பீடு சேர்ந்து 12,000 ரூபாய்க்குள். அறை இரவொன்றுக்கு 130 யூரோ. பங்காக 325 யூரோ. ரயிலும் பேருந்தும் 70, தோட்டம் 20, இரண்டு நாள் சைக்கிள் 28, தேவாலயங்களும் அருங்காட்சியகங்களும் 45, உணவு நாளொன்றுக்கு 30 யூரோ. மதியம் பல்பொருள் அங்காடியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமும் வாங்கிக் கால்வாய்க் கரையில் அமர்ந்து சாப்பிட்டதால் உணவுச் செலவு கட்டுக்குள் நின்றது. மரக்கறி உண்பவர்களுக்கும் சிரமம் இல்லை.

12. திரும்பும்போது

விசாவில் உள்ள தங்கும் நாள் எண்ணிக்கையில், இறங்கும் நாளும் புறப்படும் நாளும் சேர்த்தே கணக்கிடப்படும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகப்படத்துடன் நுழைவையும் வெளியேற்றத்தையும் மின்னணு முறையில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் கூடினாலும் அடுத்த விண்ணப்பத்தில் தெரியும். வரிசை நீளக்கூடும் என்பதால், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக ஸ்கிப்ஹோலில் இருங்கள்.

துலிப் கிழங்குகளை அழகான பையில் கட்டிக் கடை வாசல்களில் தொங்கவிட்டிருப்பார்கள். நம் நாட்டுக்குள் கிழங்கு, செடி எதைக் கொண்டுவரவும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். இரண்டும் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். அக்கா கடைசி நாள் ஒரு பையைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, மீண்டும் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தார்.